பொம்மை நடக்காத படம்

இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்த பொம்மைப் பெட்டியை இறக்கினேன். கொலு வைக்க இன்னும் நாள் இருக்கிறது. சத்தம் கேட்டு அம்மா பூஜை அறையிலிருந்தே, "இன்னாடி உருட்டினு கீற அங்க?" என்றாள். "பழைய துணி தேடறேம்மா" என்றேன். மூடியைத் திறந்ததும் பாச்சை உருண்டை நெடி மூக்கில் ஏறியது. உன் பழைய வேட்டித் துண்டில் சுற்றிய மரப்பாச்சிப் பெண் மேலாகவே இருந்தாள். அவளுக்கு அடியில், அதே வேட்டியின் மறுபாதியில் சுற்றி, நீ என்னிடம் கொடுத்துவைத்த ஹார்ட் டிஸ்க். நீ போன இந்த ஆறு வருடத்தில் அதை நான் தொட்டதில்லை, அண்ணா.

நேற்று எங்கள் கல்லூரி நூலகத்தில் மாணவிகள் நான்கு பேர் ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடக்கப் போனேன். "மேடம், ஒக்கசாரி சூடண்டி" என்று போனை என் பக்கம் திருப்பினாள் ஒருத்தி. ஒரே ஒருமுறை பாருங்கள் என்று அவ்வளவு ஆசையாகக் கேட்டபோது மறுக்க முடியவில்லை. உன் படம்தான். கையில் அரிவாளோடு வராந்தாவில் தத்தித் தத்தி ஓடிவருகிற மரப்பாச்சி. யாரோ அதற்குக் கழுதை கத்துகிற சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். இதைவிட மோசமான பேய்ப் படம் உண்டா என்று கீழே கேட்டிருந்தார்கள். போனை வைத்திருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "டைரக்டர் எவரோ, பாப்பம் மேடம்" என்று பரிதாபப்பட்டாள். "மெதுவா சிரிங்க, மத்தவங்க படிக்கறாங்க" என்று சொல்லிவிட்டு என் மேசைக்குத் திரும்பிவிட்டேன். என் அண்ணன்தான் என்று சொல்லவில்லை.

பாகாலா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து சித்தூருக்கு ரயிலேறி நாம் மேட்னி பார்க்கப் போவோம். நீ பத்தாவது, நான் ஆறாவது. டப்பிங் செய்த பொம்மைப் பேய்ப் படம் எது வந்தாலும் உனக்குப் பார்த்தாக வேண்டும். திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து படத்தைப் பிரித்துப் போடுவாய். "பொம்மப் படம் எல்லாமே பாதிப் படம்தான் பாப்பா. பொம்ம சும்மா உக்காந்துக்கினு இருக்கற வரைக்கும் பயமா கீது. வாயத் தொறந்துச்சா, செத்துப்பூடும்." ஏன் என்று கேட்டால், "மொழங்கால் ஒசரம். ஒரு ஒத வுட்டா கூரைக்கு அந்தாண்ட போய் வுழும். அப்புறம் இன்னா பயம்?" என்பாய்.

அந்த நாளில் நமக்குள் ஒரு ஆட்டம் இருந்தது. பயம் என்று முதலில் வாய்விட்டுச் சொல்கிறவர் தோற்றவர். அதைவிட முக்கியமான விதி, அடுத்தவர் முகத்தைப் பார்த்து, நீ பயந்துவிட்டாய் என்று சொல்லக் கூடாது. அவராகச் சொல்ல வேண்டும். கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் என் காலை உரசிக்கொண்டு சாரைப்பாம்பு போனபோது நீ, "பயமா?" என்றாய். பல் கிட்டிப்போயிருந்தது. "இல்லயே" என்றேன். நைனா பணியில் இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாரே, அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோதும் நாம் இரண்டு பேரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகளின் ஆட்டமாகத் தொடங்கியது எப்போது நம் குணமானது என்று எனக்குத் தெரியாது.

நீ படம் எடுக்கப் போகிறேன் என்று வந்து நின்றபோது எனக்குக் கல்யாணமாகித் திருப்பதியில் குடித்தனம். சீர்வரிசையோடு அம்மா வாங்கித் தந்த செஞ்சந்தன மரப்பாச்சி ஜோடி ஷோகேஸில் இருந்தது. பெண் பொம்மையை மட்டும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாய். அம்மா பதறினாள். "ஜோடிய பிரிக்காதடா, ஆவாது. எடுத்தா ரெண்டத்தயும் எடு." நீ சிரித்தாய். "ரெண்டா இருந்தா புருசன் பொண்டாட்டிம்மா. ஒத்தையா இருந்தாத்தான் பேய்." அம்மா உன்னை அதற்கு மன்னிக்கவே இல்லை. உனக்குக் கல்யாணம் அமையாததற்கும், படம் ஓடாததற்கும், கடைசியில் நீ போனதற்கும் அவளிடம் ஒரே காரணம்தான் இருக்கிறது. ஆண் பொம்மையைத் தன் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறாள். பெண்ணை அந்த அறைக்குள் விடுவதில்லை.

மரப்பாச்சியைத் தேர்ந்தெடுத்ததற்கு நீ சொன்ன காரணம் எனக்கு நினைவிருக்கிறது. ரப்பர் பொம்மைக்குச் சிரிப்பும் கண்ணும் செய்து ஒட்டியிருப்பார்கள், அது நம்மைப் பயமுறுத்தப் பார்க்கிறது என்பது தெரிந்துபோகும். இதற்கு முகமே பாதிதான் செதுக்கியிருக்கிறது, இது என்ன நினைக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது என்றாய். உன் கதையில் பொம்மை ஒரு ரயில்வே குவார்ட்டர்ஸில் கிடக்கும். குடிவந்த குடும்பம் எடுத்துத் துடைத்து வைக்கும். அது யார் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறதோ அவருக்குக் கேடு வரும். படம் முழுக்க ஒருமுறைகூட அது அசையாது.

பாகாலாவில் காலியாகக் கிடந்த ஒரு வீட்டில் படப்பிடிப்பு. மூன்றாம் நாள் அம்மா வேஷம் போடுகிற நடிகைக்குக் காய்ச்சல். முதுகுதானே தெரியப் போகிறது என்று அவளுடைய புடவையை என்னைக் கட்டிக்கொள்ளச் சொன்னாய். நான் தரையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரிக்க வேண்டும். பின்னால் டிரங்குப் பெட்டி மேல் பொம்மை. கொஞ்ச நேரத்தில் எழுந்துபோய்க் கொடியிலிருந்து துணி எடுத்துவந்து மறுபடி உட்கார்ந்து உரிக்க வேண்டும். அவ்வளவுதான். காமெரா ஒரே இடத்தில் நின்றது. நான் வெளியே போயிருந்த நேரம் முழுக்க அது பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் துணியோடு திரும்பி வந்தேன், உட்கார்ந்தேன், உரித்தேன். நீ 'கட்' சொன்ன பிறகு கேட்டாய், "ஏன் பாப்பா தள்ளி உக்காந்த?"

முன்பு உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டு முழம் தள்ளி, பொம்மையைவிட்டு விலகி உட்கார்ந்திருந்தேன். நீ கேட்கும்வரை எனக்கே தெரியாது. "வெயில் அடிச்சதுண்ணா" என்றேன். நீ தரையைப் பார்த்தாய். "இன்னொரு டேக் வேணாம். இதே இருக்கட்டும்" என்றாய்.

பலமனேரில் தக்காளி மண்டி வைத்திருந்தவர்தான் தயாரிப்பாளர். படத்தை முடித்து நீ முதலில் போட்டுக்காட்டியது என் வீட்டு ஹாலில், ஒரு மத்தியானம். நீ, அவர், நான். முடிந்ததும் அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "பொம்ம எந்துக்கு நடவட்லேது? ஜனம் வர்றது பொம்ம குந்தினு கீறத பாக்கறதுக்கா? நடக்கணும், ஓடணும், போட்டுத் தள்ளணும் தம்பி!" நீ பொறுமையாக விளக்கினாய். நடந்துவிட்டால் பயம் போய்விடும் என்றாய். அவர் கெட்ட மனிதர் இல்லை, நிஜமாகவே யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. ஆடவாள்ளே கதா பயப்படாலி. பயந்தியா நீ?" பெண்கள்தானே பயப்பட வேண்டியவர்கள், நான் பயந்திருந்தால் படத்தை இப்படியே விட்டுவிடலாம் என்பது அவர் எண்ணம்.

நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாய். அந்தப் படத்தில் என் முதுகையே நான் பார்த்திருந்தேன், அண்ணா. எனக்குத் தெரியாமல் என் உடம்பு நகர்ந்ததைப் பார்த்திருந்தேன். ஆனால் உன் கண்ணைப் பார்த்ததும் எனக்குப் பதினோரு வயதாகிவிட்டது. "பயமே வரல சார்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவர் தொடையில் தட்டினார். "சூசாவா?" என்றார் உன்னிடம், பார்த்தாயா என்று.

பொம்மை நடந்தது. சித்தூரில் முதல் காட்சிக்கு நாம் சேர்ந்துதான் போனோம். இடைவேளைக்கு முன்பு அது அரிவாளோடு வராந்தாவில் ஓடிவந்தபோது பின்வரிசையிலிருந்து ஒருவன், "ரேய், தன்னுரா தான்னி!" என்று கத்தினான். உதைடா அதை என்று. நீ ரயிலில் சொன்ன அதே உதை. தியேட்டரே சிரித்தது. நீயும் சிரித்தாய், எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. வெளியே வந்து பப்ஸ் வாங்கித் தந்தாய். "துன்னு பாப்பா, ஆறிப்பூடும்." மூன்று நாளில் படத்தை எடுத்துவிட்டார்கள்.

நீ போன பிறகு இந்த வகைப் படங்கள் எத்தனையோ வந்துவிட்டன. ஒன்று விடாமல் பார்க்கிறேன். பலவற்றில் பொம்மை நடக்கிறது, பேசுகிறது, நாலு பேரைக் குத்துகிறது. அவை ஓடவும் செய்கின்றன. இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று வளர்கின்றன. ஜனங்கள் கத்துகிறார்கள், கத்தியதற்காகச் சிரிக்கிறார்கள், சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறார்கள். அதை வெற்றி இல்லை என்று எப்படிச் சொல்வது? மண்டிக்காரர் சொன்னது முழுக்கத் தப்பில்லை என்று சில சமயம் தோன்றுகிறது. ஆனால் அந்தப் படங்கள் எதுவும் வீட்டுக்குள் வருவதில்லை. பார்த்துவிட்டு வந்து நம் ஷோகேஸைத் துடைக்கும்போது கை தயங்குவதில்லை.

பிறகு நீ கல்யாண வீடியோ எடுத்தாய். குடித்தாய். தாலி கட்டும்போது காமெரா ஆடியதென்று ஒரு வீட்டில் சண்டையானது, அதோடு கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள். திருப்பதி ஆஸ்பத்திரியில் நீ கிடந்த கடைசி வாரம் உன் கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டிருந்தது, வயிறு உப்பியிருந்தது. அம்மா டீ வாங்கப் போயிருந்தாள். நான் உன் காலைப் பிடித்துக்கொண்டு, "பயமா கீதாண்ணா?" என்று கேட்டேன். உதடு வெடித்திருந்தது, சிரிக்கப் பார்த்தாய்.

"மொதல்ல நீ சொல்லு பாப்பா."

நான் சொல்லவில்லை. உன் முன்னால் அழக்கூடாது என்று நினைத்தேன். சொன்னால் அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். போர்வையைச் சரிசெய்தேன். மறுநாள் நீ பேசும் நிலையில் இல்லை.

இன்று அம்மா கோயிலுக்குக் கிளம்பியதும் ஹார்ட் டிஸ்கைப் போட்டு, நீ முதலில் எடுத்த படத்தை, பொம்மை நடக்காத படத்தை, முழுக்கப் பார்த்தேன். உன்னிடம் பொய் சொல்லப்போவதில்லை. நல்ல படம் இல்லை, அண்ணா. இத்தனை வருடமாக மண்டிக்காரர்தான் கெடுத்தார், அதற்கு நான்தான் வழிவிட்டேன், இல்லாவிட்டால் நீ எங்கேயோ போயிருப்பாய் என்று நினைத்து நினைத்து என்னைத் தின்றுகொண்டிருந்தேன். ஆனால் வசனம் நாடகத்தனமாக இருக்கிறது. இன்ஸ்பெக்டர் வருகிற காட்சியில் சுவரில் மைக்கின் நிழல் தெரிகிறது. இசை தேவையில்லாமல் அலறுகிறது. இரண்டு இடத்தில் எனக்கே சிரிப்பு வந்தது.

பிறகு வேர்க்கடலைக் காட்சி வந்தது. நான்கு நிமிடம் இருக்கும். இசை இல்லை. தோல் உடையும் சத்தம், தூரத்தில் என்ஜின் ஷண்டிங் செய்யும் சத்தம். அவள் எழுந்து போகிறாள். பொம்மை இருக்கிறது. எதுவும் நடக்கவில்லை. அவள் திரும்பி வந்து, தள்ளி உட்காருகிறாள். என் முதுகு என்று தெரிந்தும், பட்டப்பகலில், சமையலறையில் குக்கர் கூவிக்கொண்டிருந்தும், நான் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினேன்.

அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மூன்றாவது முறைதான் தரையைப் பார்த்தேன். வெயிலே இல்லை. ஜன்னலுக்குச் சாக்கு கட்டியிருக்கிறீர்கள். காட்சி முழுக்க நிழல். அதை வெட்டிக் கோக்கும்போது எத்தனை நூறு முறை பார்த்திருப்பாய் நீ. தெரிந்துதான் வைத்திருக்கிறாய். என் வீட்டு ஹாலில் நான் பயமே வரவில்லை என்று சொன்னபோதும் உனக்குத் தெரியும். ஒரு வார்த்தை, "பொய் சொல்றா சார்" என்று நீ சொல்லியிருந்தால் போதும். விதியை மீறமாட்டாய் நீ. என் வாயிலிருந்து வருவதற்காக உன் படத்தையே கையில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாய். ஆஸ்பத்திரியிலும் காத்திருந்தாய்.

கோயிலிலிருந்து அம்மா திரும்பி வரும் முன்பு பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன். டிஸ்க் மட்டும் இப்போது என் கைப்பையில் இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மா புத்தூருக்குச் சித்தி வீட்டுக்குப் போகிறாள். அன்றைக்கு உன் படத்தை உன் பெயர் போட்டு இணையத்தில் ஏற்றப்போகிறேன். அந்தக் காட்சியை மட்டும் எடுத்துப் போட்டால் யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மைக் நிழலோடு, இன்ஸ்பெக்டரோடு, ஒரு ஷாட்டும் வெட்டாமல் அப்படியே போகும். மண்டிக்காரர் நோட்டீஸ் அனுப்பலாம். கல்லூரியில் தெரிந்துவிடும். அந்தப் பெண்கள் மறுபடி சிரிக்கலாம், சிரிக்கட்டும். அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. என் கணவரிடமும் சொல்லவில்லை. படத்தின் கீழே எழுத வேண்டியதை மட்டும் எழுதிவைத்துவிட்டேன். இரண்டே வரி.

கடலை உரிக்கிற பெண் நான், இதை எடுத்தவரின் தங்கை. எனக்குப் பயமாக இருந்தது.