பூப்பொட்டலமும் ரோஸ் கலர் லேசும்

என் பாண்டியம்மா மதினிக்கு,

முதலில் சந்தோஷச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், திட்டெல்லாம் பிறகு. உன் வீட்டுக்காரர் ஓடினார்! ஆமாம் மதினி, நம் முருகேசு அண்ணன்தான். டீக்கடைக்குக்கூட மொபெட்டில் போகிற மனுஷன், சின்னமனூரிலிருந்து வீரபாண்டி கோயில்வரைக்கும் பாதி ஓட்டமும் பாதி நடையுமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். அதுவும் யாருடைய ஷூவைப் போட்டுக்கொண்டு என்று கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். பொறு, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நீ எனக்கு மதினி ஆவதற்கு முன்பே நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். உன்னைவிட நான் இரண்டு மாதம் மூத்தவள். நீ எங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு ஓடைப்பட்டிக்கு வந்த அன்றைக்கு, "இனிமே அவளப் பேரு சொல்லிக் கூப்புடாத, மதினின்னு கூப்புடு" என்று அம்மா என்னை அதட்டியது. சரி என்று மதினி ஆக்கினேன். ஆனால் 'நீ' என்பதை 'நீங்க' ஆக்க மட்டும் என் நாக்கு கடைசிவரை சம்மதிக்கவில்லை. இந்தக் கடிதத்திலும் அப்படித்தான்.

நாம் ஓட ஆரம்பித்த கதையை என் தையல் கடைக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார்கள். நாற்பது வயதில் இரண்டு பேருக்கும் சர்க்கரை எட்டிப் பார்க்க, நடங்கள் என்று டாக்டர் சொன்னார். நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையில் ஊர்க்கதை பேசிக்கொண்டு நடந்தோம். தென்னந்தோப்பு நாய் ஒருநாள் துரத்தியது. பாலம்வரைக்கும் ஒரே ஓட்டம். மூச்சு வாங்கி நின்று திரும்பிப் பார்த்தால் நாய் எப்போதோ போயிருந்தது. நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாய்: "ஏலே ஈஸ்வரி, நமக்கு ஓட வருதுடி!"

அடுத்த வாரமே சுடிதார், அதற்கடுத்த மாதம் ஷூ. சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு ஊரே தீச்சட்டி எடுக்கவும் கோயிலில் நட்டிருக்கும் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றவும் போகும்போது, நாம் இரண்டு பேரும் ஓடியே போவதாக நேர்ந்துகொண்டோம். சின்னமனூரில் விடியலில் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் போய், முல்லையாற்றில் முங்கி எழுந்து, கம்பத்துக்கு ஒரு குடம் தண்ணீர். அண்ணன் பின்னாலேயே மொபெட்டில் எலுமிச்சைத் தண்ணீரும் முனகலுமாக வருவார். "ஆத்தா பஸ்ஸுல வந்தாலும் ஏத்துக்கிரும்டி" என்று அவர் சொல்லாத வருஷம் உண்டா?

உன் கடைசி நாட்களில் மதுரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, வருஷா வருஷம் உனக்கும் சேர்த்து நான் ஓடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். நீ என் விரலை அழுத்தினாய். போன வருஷம் தனியாக ஓடினேன். அண்ணன் வரவில்லை, அந்த ரோட்டைப் பார்க்கவே முடியாது என்று திராட்சைத் தோட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். எங்கள் வீட்டுக்காரர்தான் வண்டியில் பின்னால் வந்தார். நீ போனதிலிருந்து அண்ணனுக்குத் தோட்டமும் வீடும்தான். சிரிப்பே இல்லை மதினி. ஒரு பேச்சுக்குக்கூட இல்லை.

இந்த வருஷம் பங்குனியில் என் வலதுகால் முன்னெலும்பு வலிக்க ஆரம்பித்தது. முதலில் ஓடி முடித்த பிறகு வலித்தது. பிறகு ஓடும்போதே வலித்தது. அப்புறம் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போதும் விண்விண் என்று தெறித்தது. குமுளியிலிருந்து எண்ணெய் வாங்கி வந்து தேய்த்தேன், எண்ணெய்தான் தீர்ந்தது. கடைசியில் தேனிக்குப் போய் எக்ஸ்ரே படம் எடுத்தேன்.

"எலும்புல மயிரிழை கணக்கா விரிசல் விழுந்திருக்கும்மா. ஆறு வாரம் ஓடக் கூடாது. மீறி ஓடுனா முழுசா முறியும், பெறகு கம்பி வைக்கணும்" என்றார் டாக்டர்.

"சார், நாலு வாரத்துல திருவிழா."

"திருவிழா அடுத்த வருசமும் வரும். காலு?"

கேட்டுவிட்டுச் சும்மா வந்துவிட்டேன். வீட்டில் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. படத்தைத் தையல் துணிக்கு அடியில் ஒளித்து வைத்தேன். உனக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். மெதுவாக ஓடினால் என்ன? துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினால் என்ன? இரண்டு வாரம் உட்கார்ந்துவிட்டுக் கடைசி இரண்டு வாரம் பழகினால் என்ன? கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு இதையே யோசித்து, ஒரு கல்யாணப்பெண்ணின் ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் இடதுகையாகவே வெட்டிவிட்டேன். அந்தப் பெண்ணின் அம்மா பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

நாமாக முடிவெடுக்க முடியவில்லை என்றால் என்ன செய்வோம்? பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் போட்டுப் பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் ஓடு, சிவப்பு வந்தால் உட்கார். உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்பு எனக்கு முழங்கால் வீங்கியபோது நீதானே எனக்காகப் பூக்கட்டிப் பார்த்தாய்? சிவப்பு வந்தது. "ஆத்தாளே வேணாம்னுட்டா, மூடிக்கிட்டு வண்டியில ஒக்காரு" என்று சொல்லிவிட்டு நீ மட்டும் ஓடினாய். நான் அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்து எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தேன்.

அதனால் இந்தத் தடவையும் பூதான் என்று நம் ஊர் அம்மன் கோயிலுக்குப் போனேன். கால் லேசாக வலிக்கிறது என்று மட்டும் சொல்லி, துணைக்கு வாருங்கள் என்று அண்ணனையும் வம்படியாக இழுத்துக்கொண்டு போனேன். வாழையிலையில் பொட்டலத்தை நானே வீட்டில் கட்டி எடுத்துப் போனேன். பூசாரி கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை மல்லிகை.

"உத்தரவு குடுத்துட்டா தாயி" என்றார்.

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அண்ணன் தட்டில் கிடந்த இன்னொரு பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று கையை நீட்டி எடுத்து, நான் பிடுங்குவதற்குள் பிரித்துவிட்டார்.

அதிலும் மல்லிகை.

ஆமாம் மதினி, இரண்டிலும் வெள்ளையைத்தான் கட்டியிருந்தேன். அம்மனையே ஏமாற்றப் பார்த்த சண்டாளி நான். பூசாரி என்னை முறைக்கிறார். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம்போல இருந்தது. அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? முதலில் தோள் குலுங்கியது, அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். அழவில்லை, சிரித்தார். கோயில் என்றுகூடப் பார்க்காமல் வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வர, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எத்தனை நாளைக்கு அப்புறம் கேட்ட சிரிப்பு! கூடச் சேர்ந்து சிரிப்பதா, மன்னிப்புக் கேட்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சவளுகதானே, வேற எப்புடி இருப்பீக?" என்றார்.

"என்னண்ணே சொல்றீக?"

"அன்னைக்கு உனக்குப் பாத்தாளே, அதுல ரெண்டு பொட்டலமும் செவப்பு. செவ்வரளி பறிச்சுக் குடுத்தவனே நான்தான். 'இவ சொன்னா கேக்க மாட்டா, ஆத்தா சொன்னாத்தான் கேப்பா'ன்னு கட்டுனா உன் மதினி."

அடிப்பாவி! இரண்டு வருஷமாக அம்மன் சொன்னது என்று நம்பிக்கொண்டிருந்தேனே! நானும் சிரித்தேன். பூசாரியும் சிரித்துவிட்டார். மண்டபமே எங்களைத் திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. அந்தத் திட்டு இதுதான், கேட்டுக்கொள். நீ எனக்குக் கள்ளப் பூ கட்டி உட்காரவைத்த அதே வருஷம், கோட்டூரைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தினாய். என்ன என்று கேட்டதற்கு, பிடிப்பு என்றாய். தண்ணீர் குடித்தாய், எழுந்து ஓடினாய். ஐப்பசியில் வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது, எவ்வளவு நாளாக வலி என்று டாக்டர் கேட்டார். "ஒரு வருசமா இருக்கும் சார்" என்று ஏதோ துணிக்கு அளவு சொல்கிற மாதிரிச் சொன்னாய். அண்ணனும் நானும் அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்கிறோம். என் முழங்காலுக்கு இரண்டு பொட்டலம் கட்டத் தெரிந்த உனக்கு, உன் வயிற்றுக்கு ஒன்று கட்டத் தெரியவில்லையா? ஏன் மதினி, எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அழுது முடித்து மூக்கைத் துடைக்கும்போதுதான் துணிக்கு அடியில் நான் ஒளித்து வைத்திருந்த படம் ஞாபகத்துக்கு வந்தது. நானும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன். எடுத்துக்கொண்டு போய் அண்ணனிடம் கொடுத்து, டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு என்ன தெரிந்ததோ. "கவாத்து வெட்டுன திராட்சக் கொடிய மறுநாளே போயி, காய் எங்கடின்னு உலுக்குவமா? பேசாம ஒக்காரு" என்றார்.

"அப்ப மதினிக்குக் குடுத்த வாக்கு?"

படத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "அவளுக்காகத்தான? நான் போறேன்" என்றார்.

சிரிக்காதே. எங்கள் வீட்டுக்காரர் சிரித்துப் புரையேறி, அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மறுநாள் காலையில் வாய்க்கால் கரையில் லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு நிற்கிறார் உன் புருஷன். வெறுங்காலில் கூடாது என்றேன். ஷூக் கடைக்கு என்றைக்குப் போனார் அவர்? வீட்டுக்குள் போனவர் உன் ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தார். அந்த ரோஸ் கலர் லேஸ் போட்டது! உன் கால் பெரிசா, அவர் கால் சின்னதா தெரியாது, கொஞ்சம்தான் பிடித்தது. ஊர் பார்த்துச் சிரிக்கும் அண்ணே, லேசையாவது மாற்றுங்கள் என்றேன். "அவ வாங்குனது. இருக்கட்டும்" என்றார்.

திருவிழாவுக்கு மிச்சமிருந்த மூன்று வாரமும் நான் பாலத்துக் கட்டையில் காலை நீட்டி உட்கார்ந்து அவரை விரட்டினேன். "கைய வீசுங்கண்ணே! தரையப் பாக்காதீக!" முதல் வாரம் பாலத்தைக்கூடத் தொடவில்லை. இரண்டாவது வாரம் நாய் துரத்தியது, தொட்டுவிட்டார். தொப்பை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இரண்டு வேளையும் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறார். காலையில் என் வீட்டுக் கதவை அவரே வந்து தட்டுகிறார். உட்கார்ந்திருப்பது இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று எனக்கு முன்னமே தெரியாமல் போய்விட்டது.

திருவிழா அன்றைக்கு எங்கள் வீட்டுக்காரர் மொபெட்டை ஓட்ட, நான் பின்னால் எலுமிச்சைத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தேன். சின்னமனூரில் கிளம்பும்போது இன்னும் சரியாக விடியவில்லை. சீலையம்பட்டி வரைக்கும் மாப்பிள்ளை மாதிரிப் போனார். தீச்சட்டிக்காரர்கள் எல்லாம் அவர் ஷூவைப் பார்த்து வழிவிட்டார்கள். கோட்டூரைத் தாண்டியதும் அந்தப் புளியமரம் வந்தது. அதனடியில் நின்றார். அப்படியே குந்திவிட்டார்.

வண்டி நிற்பதற்குள் இறங்கி நொண்டிக்கொண்டே ஓடினேன். "என்னண்ணே, நெஞ்சு வலிக்குதா? சொல்லுங்கண்ணே!"

"இங்கனதான உக்காந்தா?"

"ஆமாண்ணே."

"நெஞ்செல்லாம் ஒண்ணுமில்ல. குதிகால்ல கொப்புளம். வலிக்குது ஆத்தா" என்றார். "வலிக்குதுன்னு சொல்றதுக்குத்தான் உக்காந்தேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்து லேசை அவிழ்த்தேன். கொப்புளத்துக்குப் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினேன். இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம், வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பிறகு அண்ணன் எழுந்து, நடந்து, வீரபாண்டி ராட்டினம் கண்ணில் பட்டதும் மறுபடி ஓடினார். முல்லையாற்றில் முங்கி, ஈர வேட்டியோடு கம்பத்துக்கு உன் பேரைச் சொல்லி ஒரு குடம், என் பேரைச் சொல்லி ஒரு குடம் ஊற்றினார். நான் சும்மா நின்று பார்த்தேன். வாக்குத் தவறியதாக எனக்குத் தோன்றவே இல்லை மதினி.

டாக்டர் சொன்ன ஆறு வாரம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. காலையில் அண்ணன் ஓடுகிறார், நான் பாலத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நேற்று மெதுவாக இரண்டு எட்டு ஓடிப் பார்க்கலாமா என்று எழுந்தேன். அந்தப் பக்கத்திலிருந்தே கத்தினார்: "ஏலே, ஒக்காரு!" உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த சித்திரைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஓடி வருவோம். இனிமேல் அம்மனுக்குக் கள்ளப் பூ கட்ட மாட்டேன். வலித்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து, வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்வேன். உன் புருஷனையும் சொல்லவைப்பேன். அந்தப் புளியமரத்தடியில் நீ சொல்லாமல் எழுந்து போனாயே, உனக்காக அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் அந்த இடத்தைத் தாண்டுவோம்.

வயதில் உனக்கு இரண்டு மாதம் அக்காவும்,
முறைக்கு என்றைக்கும் உன் நாத்தனாருமான,
ஈஸ்வரி