அப்பாவுக்குப் பீர் வைத்தது யார்

5 அக்டோபர், ஞாயிறு. காலையில் வெயில். மதியம் மழை.

எழுத்து கோணல்தான். மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன்? இந்த நோட்டை நான்தான் படிக்கப் போகிறேன். ரப்பர்ப் பால் மரம் சீவிய கை, பேனா வழுக்குகிறது. ஆனாலும் என் எழுத்து. பார்க்கப் பார்க்கச் சிரிப்பு.

தீபாவளிக்கு முன் அப்பாவைக் கும்பிடப் போவது வழக்கம். மகள் ஈப்போவிலிருந்து காரோட்டினாள். சுங்கை சிப்புட்டில் அக்காவை ஏற்றிக்கொண்டு பழைய தோட்டத்து இடுகாடு. சுற்றிலும் செம்பனை மரக் காடு. இந்த வருடம் கல்லில் இருக்கும் அப்பா பெயரை நானே வாசிக்க ஆசை.

போய்ப் பார்த்தால் சமாதிக்குப் பாதி நீலப் பெயிண்ட். மேலே ஒரு டின் கறுப்பு பீர், இரண்டு சிகரெட். யார் வேலை? அப்பா கள்ளுக்கடைப் பக்கமே போகாதவர். கேசரி என்றால் உயிர். டின்னைத் தூக்கி எறிந்துவிட்டுக் கேசரி வைத்தேன்.

கல்லில் எழுத்தே தெரியாத அளவு பாசி. நகத்தால் சுரண்டினேன். அக்கா கையைப் பிடித்தாள்.

"கல்ல ஏன்டா நோண்டுறே? மழ வருது, வா போலாம்."

கல்லுக்குப் பின்னால் பெயிண்ட் டின், பிரஷ். ஒளித்து வைத்திருக்கிறான். திரும்ப வருவான்.

7 அக்டோபர், செவ்வாய். வெக்கை.

கோயில் மண்டபத்தில் எழுத்து வகுப்பு. பஸ் ஸ்டாப் விளம்பரம் முழுதும் வாசித்தேன். முடி வளர எண்ணெயாம். எனக்கு எதற்கு?

சந்தேகம் ராஜு மேல். கங்காணி மகன். பெயிண்ட் அடித்து, இடம் தங்களுடையது என்று சொல்லப் பார்க்கிறான். அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அவனுக்கு முட்டி வலிடா. காட்டுக்குள்ள வருவானா?"

"அப்ப யாரு?"

"எனக்கென்ன தெரியும்? நீ இந்த ஞாயிறு அங்க போவாத. தீபாவளி வேல கெடக்குலா."

அப்பாவிடம் போகாதே என்று இதுவரை சொன்னதில்லை. அக்கா தோட்டப் பள்ளியில் படித்தவள். நான் அம்மாவோடு காட்டு வேலைக்குப் போனவன். அவளுக்குக் கல்லை வாசிக்கத் தெரியும். இது இன்றுதான் உறைத்தது.

12 அக்டோபர், ஞாயிறு. மேகமூட்டம்.

போனேன். அக்காவிடம் சொல்லவில்லை. மகளும் நானும் மட்டும். பையில் தேங்காய் நார்.

என் வயது அம்மா ஒருவர் குந்தி உட்கார்ந்து சமாதிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா நீங்க? எங்கப்பா சமாதியில என்ன வேல?"

"ஒங்கப்பாவா? எங்கண்ணன்லா படுத்திருக்கு! ஹுத்தான் மெலிந்தாங்லேர்ந்து வாரேன். பீர எறிஞ்சது நீங்கதானா?"

மகள் கல்லை வாசிக்கக் குனிந்தாள். தள்ளு என்றேன். நாரால் தேய்த்தேன். முதல் எழுத்து கா வர வேண்டும். அப்பா பெயர் காளியப்பன். வந்தது மா. அப்புறம் ணி. க், க, ம். மாணிக்கம்.

தப்பில்லாமல் வாசித்துவிட்டேன் என்று முதலில் சந்தோஷம். பிறகு மறுபடி முதல் எழுத்திலிருந்து வாசித்தேன். மாணிக்கம்தான்.

"அப்ப கேசரி நீங்களா? நாங்க எப்பவும் தீபாவளி கழிச்சுதான் வருவோம், இந்த வருஷம்தான் முன்னாலயே வந்தோம். இலையில எறும்பு மொய்க்கும். எங்கண்ணனுக்கு இனிப்பே ஆகாது அண்ணே!" அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பக்கத்தில், கல் இல்லாத மேட்டைக் காட்டினார். "இதுக்கு யாரும் வாரதில்ல. பாவம்னு வருஷா வருஷம் ஒரு சூடம் கொளுத்திட்டுப் போவோம்."

அங்கேயே அக்காவுக்குப் போன். கல்லில் மாணிக்கம் என்று இருக்கிறது என்றேன்.

"அம்மா காட்டுன எடம்டா. நமக்குக் கல்லு வைக்க வசதியில்ல. அப்பா எங்கன்னு நீ அழுத. கல்லு இருக்குறதா பாத்துக் காட்டிருச்சு. நீ அதத் தொட்டுத் தொட்டுக் கும்பிடுவ. எப்படிடா சொல்றது?"

"அப்பா எங்கக்கா?"

"பக்கத்து மேடு."

நம்பலாமா? இத்தனை வருடம் பக்கத்தில் நின்று, அடுத்தவர் கல்லுக்குக் கூடவே கற்பூரம் காட்டியவள். நேரில் கூட்டிவந்து, மண்ணில் கை வைத்துச் சொல்லச் சொல்ல வேண்டும்.

அந்த அம்மா மிச்ச பெயிண்டையும் பிரஷையும் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் பலகை இருக்கிறது.

அடுத்த ஞாயிறு எழுதுகிறேன். நோட்டில் இல்லை, பலகையில். காளியப்பன். கோணலாக வந்தாலும் அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். அவருக்கும் வாசிக்கத் தெரியாது.