தேன் கடைக்காரியின் முன்பல்

மார்ச் 3

என் அன்பு மனைவிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்து ஒரு வாரமாகிறது. போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே சண்டை வருகிறது, இனிமேல் கடிதம்தான் என்று நீ சொன்னது நல்லதாகப் போயிற்று. இங்கே பார்ப்பதையெல்லாம் போனில் சொல்லி மாளாது.

இந்தச் சந்தையை நீ பார்க்க வேண்டும். குதிரை வண்டிக் காலத்தில் கட்டியதாம். இரும்பும் கண்ணாடியுமாக, ரயில் நிலையம் மாதிரி உயரமான கூரை. தரைக்கல்லில் வண்டிச் சக்கரம் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்திருக்கிறது. மீன் விற்கிற பளிங்குப் பலகைகள் நடுவில் தேய்ந்து குழிந்திருக்கின்றன. குதிரைகள் தண்ணீர் குடித்த கல்தொட்டியில் இப்போது பூக்கட்டுகளை நிறுத்தி விற்கிறார்கள். என் வேலை இதற்கெல்லாம் அடியில், நிலவறையில். பழைய குளிர் அறைகளைக் கழற்றிவிட்டுப் புதியவை பொருத்துகிறோம். நேற்று தலையெல்லாம் பனியோடு மேலே வந்தேன். குடையைத் தூக்கிப் பிடித்த வழிகாட்டிப் பெண்ணின் பின்னால் வந்த சுற்றுலாக் கூட்டம், நானும் இந்தக் கட்டடத்தோடு சேர்ந்த பழம்பொருள் என்று நினைத்துப் படம் பிடித்துக்கொண்டது.

இங்கே எனக்கு ஐஸ்காரர் என்று பேர். வேலை முடிந்து ஏறி வரும்போது கை விறைத்திருக்கும். படிக்கட்டை ஒட்டினாற்போல ஒரு தேன் கடை. "ஐஸ்காரரே, விரலு ஒடிஞ்சு விழுந்துரப் போகுது, இதப் பிடிங்க" என்று அந்தக் கடைக்காரி வெந்நீரில் தேன் கலந்து ஒரு கோப்பை நீட்டுவாள். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். கடை முழுக்கக் கண்ணாடி ஜாடிகள், கறுப்பிலிருந்து வெளிர் மஞ்சள் வரை. கூரைக் கண்ணாடி வழியாக வெயில் விழும்போது அந்த மூலைக்கே ஒரு நிறம் வரும். அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மாடிக் குழாயை அழுத்தி மூடச் சொல்லி அக்காவிடம் சொல்.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 11

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. குழாயை மூடியாயிற்று. உங்கள் அக்கா நலம், என்னைக் குறை சொல்லும் அளவுக்கு நலம்.

இங்கே பல் லேபில் வேலைக்குக் குறைவில்லை. ஒரு பெரியவருக்கு முழுப் பல்செட் செய்து அனுப்பினோம். சாப்பிடச் சரியாக இருக்கிறதாம், திட்டுவதற்குத்தான் சரிப்படவில்லையாம். திருப்பி அனுப்பியிருக்கிறார். நீங்கள் இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சிரித்திருப்பேன். நீங்கள் சிரித்திருப்பீர்களா என்பது வேறு விஷயம்.

உங்கள் கடிதத்தை அளந்து பார்த்தேன். கட்டடத்துக்கு ஒரு பங்கு. தேன் கடைக்காரிக்கு ஒரு பங்கு. எனக்கு "வேளாவேளைக்குச் சாப்பிடு." நம் வீட்டு ஜன்னலிலும்தான் தினமும் வெயில் விழுகிறது. அது என்ன நிறம் என்று ஒருநாளாவது உங்களுக்கு எழுதத் தெரியாமல் போயிருக்கிறதா?

சிரிக்கும்போது வாயை மூடிக்கொள்கிறாளாமே. அதைக் கவனிக்க எத்தனை தடவை சிரிக்க வைத்தீர்கள்?

அவளுக்கு என்ன வயதிருக்கும்? சும்மாதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
நான்

மார்ச் 18

என் அன்பு மனைவிக்கு,

பல்செட் பெரியவரைப் படித்துச் சத்தமாகவே சிரித்தேன். அடுத்த பாராவில் சிரிப்பு நின்றுபோயிற்று.

நீ எங்கேயோ போய்விட்டாய். அவளுக்கு உன் பெரியம்மா வயதிருக்கும். தலையில் பாதிக்கு மேல் நரை. எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் பேசுவாள். போதுமா?

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். அவளுக்கு முன்பல் ஒன்று கிடையாது. தேன் பெட்டியை இறக்கும்போது இடித்து உடைந்ததாம். இங்கே இரண்டு தடவை பல் வைத்தும் பக்கத்துப் பல்லோடு நிறம் ஒட்டவில்லை, கழற்றிப் போட்டுவிட்டாள். வாயை மூடிக்கொள்வது அதனால்தான். என் மனைவி செய்தால் பல் எது, பொய்ப்பல் எது என்று கண்டுபிடிக்க முடியாது என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். அவளுடைய டாக்டர் அச்சு எடுத்து அனுப்புகிறேன் என்கிறார். செய்து கொடுப்பாயா?

உன் வீட்டுக்காரன்

மார்ச் 27

அன்புள்ள உங்களுக்கு,

பெரியம்மா வயது என்று முதலிலேயே எழுதியிருந்தால் நான் ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அக்காவிடம் சொன்னதற்கு, "என் தம்பிய யாரு திரும்பிப் பாக்கப் போறா, உனக்கு வேற வேலையில்ல" என்றார். உங்களைப் பாராட்டினாரா, என்னை வைதாரா, தெரியவில்லை.

அச்சை அனுப்பச் சொல்லுங்கள். செய்து தருகிறேன். ஆனால் என்னைக் கேட்காமல் என் வேலையை வாக்குக் கொடுப்பது இதுதான் கடைசியாக இருக்கட்டும். வெந்நீரும் தேனும் அவள் கொடுப்பாள், பல் நான் கொடுக்க வேண்டும். நடுவில் நல்ல பேர் உங்களுக்கு.

கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள்.

நான்

ஏப்ரல் 14

உங்களுக்கு,

நேற்று உங்கள் சந்தைக்கு வந்திருந்தேன்.

நிதானமாகத்தான் எழுதுகிறேன், முழுக்கப் படியுங்கள். அச்சு பார்சலில் வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. பெரியம்மா வயதுக்காரி கடித்த அச்சு அல்ல அது. பல் விளிம்பு தேயவில்லை, ஈறு இறங்கவில்லை. நம் வயதுகூட இருக்காது. நரைமுடி வரைக்கும் யோசித்து எழுதினீர்களே, நான் பல் செய்கிறவள் என்பது அப்போது ஞாபகம் வரவில்லையா?

நிறத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று லேபில் சொல்லிவிட்டு, மாதிரிப் பற்கள் இருக்கும் பெட்டியை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். முதலில் உங்களைப் பார்ப்பது, முகத்துக்கு நேரே கேட்பது, அப்புறம்தான் அவள். அதுதான் திட்டம்.

உள்ளே நுழைந்ததும் மீன் வாடை, சுட்ட ரொட்டி வாசனை, ஈரக் கல், காதைப் பிளக்கும் கூச்சல். கூட்டமே என்னைத் தள்ளிக்கொண்டு போயிற்று. நீங்கள் எழுதிய வெயிலை வைத்துத்தான் தேன் கடையைக் கண்டுபிடித்தேன். உங்களுக்கு எழுதத் தெரியவில்லை என்பது பொய். நன்றாகவே எழுதியிருந்தீர்கள்.

நீங்கள் அங்கேதான் நின்றிருந்தீர்கள். மீன்காரம்மா ஒருத்தி, பாலாடைக்கட்டி விற்கிற குண்டு மனிதர் ஒருவர், அவள், நடுவில் நீங்கள். ஏதோ கதை சொல்கிறீர்கள். கையை விரிக்கிறீர்கள், குரலை மாற்றுகிறீர்கள், யாரோ போல நொண்டி நடந்து காட்டுகிறீர்கள். அவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நான் ஒரு இரும்புத் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். அந்த ஆளை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவர் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றுவார், "சாப்பாடு இருக்கா?" என்பார், அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நீங்கள் அவள் கையைப் பிடித்திருந்தால் வந்து சண்டை போட்டிருப்பேன். அதற்குத் தயாராகத்தான் வந்தேன். நீங்கள் சும்மா சந்தோஷமாக இருந்தீர்கள். அதற்கு என்ன என்று சண்டை போடுவது? நீங்கள் நிலவறைக்கு இறங்கிப் போகும் வரை அசையவில்லை.

அப்புறம் அவளிடம் போனேன். "பல் லேப்ல இருந்து வர்றேன், நிறம் பாக்கணும்" என்றேன். வெளிச்சத்துக்கு வந்து வாயைத் திறந்தாள். டியூப்லைட்டில் பார்த்தால் நிறம் ஏமாற்றும், அவளுக்கு முன்பு வைத்த பொய்ப்பற்கள் அப்படித்தான் நிறம் ஒட்டாமல் போயிருக்கும். ஒவ்வொரு மாதிரியாக வைத்துப் பார்த்தேன். அழகான பற்கள். எழுதும்போதே எனக்கு எரிகிறது.

"எங்க ஐஸ்காரர் சொன்னாரு, அவரு வீட்டுக்காரம்மா மாதிரி பல்லு செய்ய ஆளே கிடையாதாம்" என்றாள்.

எங்க! ஊரறியக் கல்யாணம் செய்துகொண்டவள் நான், நீங்கள் அவர்களுக்கு 'எங்க ஐஸ்காரர்.'

"அந்தம்மா எப்படியாம்?" என்று கேட்டேன்.

"கெட்டிக்காரியாம். ஆனா அவங்க கடுதாசி வந்த அன்னிக்கு மட்டும் மனுஷன் மேல வரமாட்டாரு. அந்தக் குளிர்லயே உக்காந்திருப்பாரு. நாங்க யாராச்சும் போயி, 'வாங்கய்யா, உறைஞ்சு போயிருவீங்க'ன்னு கூட்டிட்டு வரணும்."

கையிலிருந்த மாதிரிப் பல் கீழே விழுந்தது. அவள் எடுத்துக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"நீங்கதானா அது?"

"நான்தான்."

"என்னைப் பத்தி என்ன எழுதினாரு?"

"எங்க பெரியம்மா வயசுன்னு. தலை பாதி நரைன்னு."

தன் தலைமுடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், வாயை மூடக்கூட மறந்துபோய், பல் இல்லாத இடம் தெரியச் சிரித்தாள். "அந்த ஆளு மேல வரட்டும், இன்னிக்கு இருக்கு!" என்றாள். நானும் சிரித்துவிட்டேன். அழுதேன் என்றும் சொல்லலாம்.

கடையைப் பாலாடைக்கட்டிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு என்னைச் சந்தை முழுக்கக் கூட்டிக்கொண்டு போனாள். மாடி வராந்தாவில் உட்கார்ந்து ரொட்டி தின்றோம். அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலையாம். "அவரு எறங்குற துறைமுகத்துல எல்லாம் எவ நிக்கிறாளோன்னு நெனச்சு நெனச்சே எனக்கு முடி கொட்டிருச்சு. நரைக்கல, கொட்டிருச்சு" என்றாள். கீழே உங்கள் தலை ஒரு தடவை தெரிந்தது. அவள் கூப்பிட வாயெடுத்தாள். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன்.

உங்களைப் பார்க்காமலேயே ரயில் ஏறினேன். கோபம் அவள் மேல் இல்லை. அவள் ஒருத்தி என்றால் சமாளித்திருப்பேன். அந்தச் சந்தை முழுவதுக்கும் நீங்கள் கிடைத்திருக்கிறீர்கள், எனக்குக் கிடைக்கவில்லை. அதற்கு மேல் ஒரு பொய் வேறு.

பல் தயாரானதும் நேராக அவளுக்கே அனுப்பிவிடுவேன். எனக்குப் பதில் எழுத அவசரப்பட வேண்டாம்.

நான்

ஏப்ரல் 20

என் அன்பு மனைவிக்கு,

அவசரப்பட வேண்டாம் என்றாய். ஒவ்வொரு நாளும் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

நீ வந்து போனது எனக்கு மறுநாள்தான் தெரியும். சந்தைக்கே தெரிந்திருந்தது. மீன்காரம்மா, "உங்க வீட்டம்மா போன திசைல கும்பிடு போடுங்கய்யா" என்றாள். இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிற உன்னை நான் பார்க்க வர ஒவ்வொரு வாரமும் ஒரு சாக்கு சொன்னேன். நீ என் தலைக்கு மேலேயே நடந்திருக்கிறாய், நான் கீழே செம்புக் குழாயைப் பற்றவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பொய் சொன்னது தப்பு. நீ வயதைக் கேட்டதும் பயந்துபோய் எழுதிவிட்டேன். அவளோடு எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கடை முன்னால் நிற்க எனக்குப் பிடித்திருந்தது. இதையும் மறைத்தால் இன்னொரு பொய்யாகிவிடும்.

வீட்டில் நான் பேசாதது உண்மை. நீ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கத்தான் சுவரைப் பார்ப்பேன். முகத்தைப் பார்த்தால் நீ நிறுத்திவிட்டு "என்ன?" என்பாய். இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு வரியாவது எழுது.

உன் வீட்டுக்காரன்

மே 9

என் அன்பு மனைவிக்கு,

உன் பதில் இல்லை. ஆனால் தேன் கடைக்கு உன் கடிதம் வருகிறது.

பல் வந்தது, பொருத்தியாயிற்று. நானே உற்றுப் பார்த்தும் எது என்று தெரியவில்லை. சந்தை முழுக்க ஆளாளுக்குப் பந்தயம் கட்டித் தோற்றார்கள். பல்லோடு நீ ஒரு கடிதம் வைத்திருந்தாயாம். அதன்பின் இன்னொன்று வந்தது. நேற்று மூன்றாவது. கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு படிக்கிறாள், தனக்குத்தானே சிரிக்கிறாள். நான் பக்கத்தில் போனால் மடித்து இடுப்பில் செருகிக்கொள்கிறாள். "என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டேன். "அது எங்க ரெண்டு பேருக்கும் உள்ளது" என்கிறாள். 'எங்க ரெண்டு பேருக்கும்'! அவளை உனக்குத் தெரிந்தது ஒரு பகல்.

நீ என்ன எழுதினாய்? என்னைப் பற்றியா? அந்தப் பல்செட் பெரியவர் கதையெல்லாம் இப்போது அவளுக்குத்தான் போகிறதா? எனக்கு வெந்நீரும் இறங்கவில்லை, தேனும் இறங்கவில்லை. அந்தப் பக்கம் போகாமல் மீன் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

திட்டியாவது எழுது. எனக்கு எழுது.

உன் வீட்டுக்காரன்

மே 16

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

மீன் வாசல் வழியாகச் சுற்றிப் போகிறீர்கள் என்று அவளும் எழுதியிருந்தாள். உங்கள் முகம் போன போக்கையும் எழுதியிருந்தாள். படிக்கச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்?

வயிற்றில் எரிகிறதல்லவா? எனக்கு மார்ச் மாதம் முழுக்க அதுதான். உங்களுக்கும் கொஞ்சம் இருக்கட்டும் என்றுதான் பேசாமல் இருந்தேன். இப்போது போதும் என்று தோன்றுகிறது.

அவளுக்கு முதலில் செய்த பல்லைக் கொஞ்சம் மங்கலாகச் செய்தேன். வேண்டுமென்றேதான். ஒரு சாயல்தான், யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் கண்ணாடி பார்க்கும்போது மட்டும் ஏதோ ஒட்டவில்லை என்று இருக்கும். அதை மேஜை மேல் வைத்துவிட்டு மத்தியானம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் உடைத்துப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்தேன். இதை அவளுக்கும் எழுதினேன். அந்தக் கடிதத்தைத்தான் அவள் உங்கள் கண்ணில் காட்டாமல் இடுப்பில் செருகினாள். என் இடத்தில் தான் இருந்திருந்தால் பச்சை நிறப் பல்லே வைத்திருப்பாளாம், பதில் எழுதினாள்.

பொறாமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இருக்கிறது. அவள் நல்லவள் என்று தெரிந்ததால் கொஞ்சம் கூடத்தான் ஆகியிருக்கிறது. சுவரைப் பார்த்தபடி கேட்டதாக எழுதினீர்களே, அதை நம்பலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நேரில் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், முடிவு செய்கிறேன். நடுவில் "என்ன?" என்று கேட்கமாட்டேன்.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். அவளிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். சந்தை முழுக்க அவள் எனக்குக் காட்டிவிட்டாள்தான். ஆனாலும் எதையுமே பார்க்காதவள் மாதிரி வருகிறேன். முன்வாசலிலிருந்து ஆரம்பித்து, கதை சொல்லிக்கொண்டே, நொண்டி நடந்து காட்டுவீர்களே, அது உட்பட எல்லாம் எனக்கு நீங்கள் காட்ட வேண்டும்.

தேன் கடைக்குக் கடைசியாகப் போகலாம்.

உங்கள் மனைவி