வில்லங்கம் இல்லாத புத்தகங்கள்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். பத்து முதல் பன்னிரண்டு கரண்ட் இருக்காது. அதற்குள் இணையத்திலிருந்து பாடங்களில் முடிந்ததை இறக்கி வைக்க வேண்டும்.

பொங்கலோடு பா.வைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி ஏழு வாரம். பா. என்றால் பாப்பா, என் மகள், எட்டு வயது. தன் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்று எனக்கும் உத்தரவு. இந்த நோட்டுக்கும் சேர்த்து. வகுப்புச் சுவரில் 'வாசிக்கத் தெரியாதவர்கள்' என்று ஓர் அட்டை. முதல் பெயர் இவளுடையது. ஆறு மாதம் தொங்கியிருக்கிறது. நான் பார்த்ததே டிசம்பரில். நினைத்தால் இப்போதும் என் மேல்தான் கோபம் வருகிறது. பழைய நோட்டுகளின் லேபிளை எல்லாம் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டாள்.

ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது வீட்டுக்காரர்: "இன்னா, இன்னும் டவுன்லோடு பண்ணிகினு கீறியா? ஜூன் வரிக்கும் பாப்பேன். பேர் எழுதாத பொண்ண வூட்லயே வெச்சிகினு இன்னா பண்றது?"

கெட்ட மனசில் சொல்லவில்லை. பயம். எனக்கும்தான்.

மார்ச் 5, புதன்

இறங்கியவை:
– மூன்றாம் வகுப்பு அரசுப் பாடநூல். எல்லாப் பாடமும்.
– நிலாவின் படங்கள். பள்ளம் பள்ளமாக, ஓ.எம்.ஆர். சர்வீஸ் ரோடு தோற்றது.
– நூறு வருஷத்துக்கு முந்தைய கணக்குப் புத்தகம், ஸ்கேன். உரிமைக் காலம் முடிந்து பொதுச் சொத்து. மாட்டு வண்டி மதுராந்தகம் போய்ச் சேர எத்தனை நாழிகை என்று ஒரு கணக்கு. பா.: "நடுவுல டீ குடிக்க நிறுத்துவாங்களா?" விடையில் அது இல்லை.
– பறவைக் குரல்கள். செம்போத்தைப் போட்டதும் பின்வீட்டு மரத்திலிருந்து நிஜச் செம்போத்து பதில் சொன்னது. அரை மணி நேரம் இதுவே பாடம்.

பதினோரு வருஷம் திருப்போரூரில் பத்திர எழுத்தரிடம் தட்டச்சு வேலை பார்த்தவள் நான். சும்மா தருகிறேன் என்று யார் சொன்னாலும் வில்லங்கம் பார்க்காமல் கை நீளாது. ஒவ்வொரு தளத்திலும் அடியில் இருக்கும் பொடி எழுத்தைத்தான் முதலில் படிக்கிறேன். சிலது பார்க்கலாம், மாற்றக் கூடாது. சிலது மாற்றலாம், விற்கக் கூடாது. சிலது சர்வ சுதந்திர பாத்தியம், என்ன வேண்டுமானாலும் செய்துகொள். ஒரே ஒரு ஷரத்து: செய்தவர் பெயரைப் போட வேண்டும்.

இதை நாலு தடவை படித்தேன். பணம் வேண்டாம், பெயர் போதும் என்கிறார்கள். யார் இவர்கள்?

மார்ச் 7, வெள்ளி

வெயில். கடற்கரையை வைத்து ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணும் படப்புத்தகம் ஒன்று. ஆங்கிலம். மாற்றலாம், மொழிபெயர்க்கலாம். நேற்றே தமிழில் தட்டிவிட்டேன். கை மறக்கவில்லை.

ஜெராக்ஸ் கடை அண்ணன்: "இன்னா மேடம், கடசி பக்கத்துல வெறும் பேருதான் கீது. வுட்ரலாமா? ஒரு பேப்பர் மிச்சம்."

சரி என்றுவிட்டேன். ஷரத்தை நாலு தடவை படித்த நான்.

வீட்டில் பா. ஆமைப் பக்கத்திலேயே நின்றாள். "இத யாரு வரைஞ்சாங்க?"

"யாரோ நிகிதாவாம்."

"எங்க போட்டுகீது?"

அந்தப் பக்கத்தை விட்டுவிட்டோம் என்றேன். என்னைப் பார்த்த பார்வை. "அவுங்க நல்லாதான வரைஞ்சாங்க. அவுங்க பேர ஏம்மா எடுத்த?"

குடையை எடுத்துக்கொண்டு திரும்பவும் கடைக்கு. அண்ணன் சிரித்தார், சிரிக்கட்டும். கடைசிப் பக்கத்தைச் சேர்த்து மறுபடி ஸ்பைரல் போட்டு வாங்கி வந்தேன்.

மார்ச் 8, சனி

இட்லி மாவு பொங்கி வழிந்தது.

பா.வுக்கு நண்டோடு சண்டை. பத்தாம் பக்கம்: 'நண்டுக்குப் பத்துக் கால்.' படத்தில் கொடுக்கையும் சேர்த்து எட்டுதான். மூன்று முறை எண்ணினாள், நானும். எழுத்து தப்பா, படம் தப்பா? எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷமாக நண்டு சாப்பிடுகிறேன், கால் எண்ணியதில்லை. இணையத்தில் பார்த்துவிடலாம் என்றேன். "வேணாம், நண்டுலயே பாக்கலாம்."

மார்ச் 9, ஞாயிறு

காலை பஸ்ஸில் மகாபலிபுரம். கூட்டம். கோயில் பக்கம் போகவே இல்லை, நேராகப் படகுகள் நிற்கும் இடம். கூடைக்கார அம்மாவின் முன்னால் பா. குந்திவிட்டாள்.

"இன்னா பாப்பா எண்ணிகினு கீற? நண்டு வோணுமா?"

"கால் எத்தினின்னு பாக்கறேன்."

அந்த அம்மா ஒன்றைத் தூக்கிக் கொடுக்கைப் பிடித்துக் காட்டினார். "இந்தா, நல்லா எண்ணு. இவ்ளோ வருசம் விக்கறேன், நீதான் மொத ஆளு கேக்கற."

கொடுக்கு இரண்டு, கால் எட்டு. மொத்தம் பத்து. கடைசி இரண்டும் துடுப்பு மாதிரி தட்டை. எழுத்து சரி, படம்தான் தப்பு. பா. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், பொங்கலுக்குப் பிறகு நான் பார்க்காதது. அரைக் கிலோ வாங்கினோம். குழம்புக்கு முன் இன்னொரு தடவை எண்ணினோம்.

மார்ச் 12, புதன்

மேகமூட்டம். தூறல் வரும் போல, வரவில்லை. சிலிண்டர் புக் செய்ய வேண்டும்.

மூன்று நாளாகப் பா. நண்டு வரைகிறாள். ஏழு தாள் கசங்கியது. எட்டாவதில் தட்டைக் கால்கள் சரியாக வந்துவிட்டன. நிஜமாகவே நல்ல படம், அம்மா என்பதால் சொல்லவில்லை.

மாற்றினால் என்ன மாற்றினோம், யார் மாற்றினார் என்று போட வேண்டும். அதுவும் ஷரத்து. உன் பேர் போடட்டுமா என்று கேட்டேன்.

"என் பேர் வேணாம்."

"நிகிதா பேர் போட்டோமே."

"அவுங்க பேரு செவுத்துல இல்ல."

குளியலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

பத்திரத்தில் அடியில் 'தட்டச்சு செய்தவர்' என்று என் பெயர் வரும். யாரோ வாங்கும் மனை, யாரோ விற்கும் மனை, ஆனால் தாளில் நானும் இருப்பேன். அது எவ்வளவு பிடிக்கும் எனக்கு. அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் பாடம் நடத்துவதாகிவிடும்.

கடைசிப் பக்கத்தில் தட்டினேன்: எழுத்தும் படமும், நிகிதா. தமிழில், என் பெயர். பத்தாம் பக்கப் படம், ______. கோடு மட்டும்.

மார்ச் 15, சனி

கடல் காற்று திருப்போரூர் வரை. புதுப் பிரதி வந்துவிட்டது. ஜெராக்ஸ் அண்ணன் கேட்காமலே கடைசிப் பக்கத்தையும் போட்டிருந்தார். மேசையில் வைத்துவிட்டு மாவரைக்கப் போனேன்.

மூன்றரைக்கு அவர் ஷிஃப்ட் முடிந்து வந்தார். சட்டை மாற்றாமலே புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். பத்தாம் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"இன்னாமே இது, நம்மூர் நண்டு கணக்கா கீது. யாரு வரைஞ்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பா., தரையில் நிலாப் படங்களை அடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல்: "கடசி பக்கம் பாருப்பா."

திருப்பினார். நானும் ஈரக் கையோடு எட்டிப் பார்த்தேன். கோட்டின் மேல், பச்சை ஸ்கெட்ச் பேனாவில், கோட்டுக்கு வெளியேயும் ஓடி: யாழினி.