சேம்பர் காலி என்று நீங்கள் எழுதிக் கொடுத்தது

இன்று காலை என் மகள் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாசனை வீடு முழுக்கப் பரவிவிட்டது. நாம் இருவரும் வேலைக்காகத் தினமும் துப்பாக்கியை வாங்கி, திருப்பிக் கொடுத்த அறையிலும் இதே வாசனைதான் இருக்கும். காபி டம்ளரோடு நான் அப்படியே நின்றதைப் பார்த்து அவள், "அப்பா, யூ ஓகே?" என்றாள். ஓகே என்றேன்.

நீங்கள் போய்ப் பத்தொன்பது நாள் ஆகிறது. முப்பத்தோராம் நாள் கொடுக்கப்போகும் நினைவு மலரில் நான் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று அக்கா டூங்கபியிலிருந்து போன் செய்தார். "அந்த லிட்கம் கதையை எழுதுங்கோ. அவர் சொல்லாத ஆள் இல்லை. நீங்கள்தானே பக்கத்தில நிண்டனீங்கள்," என்றார். உங்கள் மனைவி கேட்டால் மறுக்க முடியுமா? எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மலருக்கு அனுப்புவதற்கு முன்னால் உங்களுக்கு ஒன்று எழுத வேண்டியிருக்கிறது.

நாம் பார்த்த வேலையை இன்றைக்கும் கெல்லிவில்லில் என் அக்கம்பக்கத்து நண்பர்கள் நம்புவதில்லை. கடைகளில் சேரும் ரொக்கத்தை எடுத்துப்போகும் கம்பெனியில், சீருடை இல்லாத பிரிவு. பெயர் எழுதாத வெள்ளை வேன், இறக்கிவிட்ட சட்டை, அதற்குள் இடுப்பில் துப்பாக்கி. பார்ப்பவர்களுக்கு நாம் பைப் ரிப்பேர் செய்ய வந்தவர்கள். நான் கோயம்புத்தூரில் எஞ்சினியரிங் முடித்துவிட்டு இந்த நாட்டுக்கு வந்து, வேலை கிடைக்காமல் துப்பாக்கிக் காவலுக்கான லைசென்ஸ் எடுத்தவன். நீங்கள் டாக்சி ஓட்டி இடுப்புவலி வந்து அங்கே சேர்ந்தவர். இடுப்புவலிக்காரன் இடுப்பிலேயே ஒரு கிலோ இரும்பைக் கட்டிவிட்டார்கள் என்று சிரிப்பீர்கள். நான் துப்பாக்கி என்பேன், நீங்கள் துவக்கு என்பீர்கள். வயதில் என்னைவிட இரண்டு வருடம்தான் மூத்தவர். என்னைக் கடைசிவரை "ஐசே" என்றே கூப்பிட்டீர்கள்.

காலையில் ஒரு சோதனை உண்டு. துப்பாக்கியின் மேல்பகுதியை இழுத்துக் காட்ட வேண்டும். மற்றவர் குனிந்து பார்த்து, குழலின் அடியில் குண்டு உட்காரும் சேம்பரில் குண்டு இல்லை என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் குண்டுகள் அடுக்கிய மேகசினைச் செருகுவோம். அப்படியே இடுப்பில் வைத்தால் விசையை அழுத்தினாலும் வெடிக்காது. ஒருமுறை இழுத்துவிட்டால்தான் குண்டு ஏறும். விதி அதுதான். ஆனால் பாதிப் பேர் வேனில் ஏறியதும் இழுத்து ஏற்றிக்கொண்டார்கள். மேலாளருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார்.

நமக்குள் நடந்த ஒரே சண்டை அதைப் பற்றித்தான். ஒரு கையில் பை இருக்கும்போது எவனாவது பாய்ந்தால், இரண்டு கையாலும் இழுத்து ஏற்ற எங்கே நேரம் என்று நான் கேட்பேன். "ஒரு செக்கன் பிந்தும். பிந்தட்டும். அந்த ஒரு செக்கன் எனக்கு யோசிக்க வேணும்," என்பீர்கள். உங்கள் ஊரில் ஒரு சென்றியில், ராணுவக் காவல் சாவடியில், சிப்பாய் ஒருவன் சைக்கிளிலிருந்து இறங்கும்போது துவக்கு தானாக வெடித்து, கடையில் பாண் வாங்க நின்ற ஆள் விழுந்ததை ஒருமுறை சொன்னீர்கள். அவன் கோபத்தில் சுட்டிருந்தால்கூட மறந்திருப்பேன் என்றீர்கள். பிறகு ரேடியோவைச் சத்தமாக வைத்தீர்கள்.

லிட்கமில் அது நடந்த வாரம் வேறொரு வேனை மறித்து நம் ஆள் ஒருவரின் தாடையை உடைத்திருந்தார்கள். என் மனைவிக்கு அப்போது ஆறாவது மாதம். எனக்குப் பயம். அலங்கரிக்காமல் சொன்னால் அவ்வளவுதான். அன்று காலை சோதனையில் என் சேம்பரைப் பார்த்து, "ஓம், காலி," என்றீர்கள். லிட்கமில் வேனை நிறுத்தியதும் பக்கத்துக் கடையில் பன் வாங்கப் போனீர்கள். நீங்கள் திரும்பி வருவதற்குள் நான் இழுத்து ஏற்றிவிட்டேன். பன்னைக் கொடுத்தீர்கள், வாங்கித் தின்றேன்.

மற்றதெல்லாம் நீங்கள் ஊருக்கே சொன்ன கதை. சூப்பர்மார்க்கெட் பின்பக்கக் கார் பார்க்கில் பையோடு வருகிறோம். பின்னாலிருந்து ஒருவர் எதையோ கத்திக்கொண்டு ஓடி வருகிறார், கையில் கறுப்பாக ஒன்று. நான் திரும்பினேன், துப்பாக்கி கைக்கு வந்துவிட்டது. பன் கடைக்காரக் கொரியப் பெரியவர் என்பதைப் பார்த்தேன். பார்த்தும் கை இறங்கவில்லை. நீங்கள் பதறவில்லை. நடந்து வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றீர்கள், அவருக்கு முதுகும் எனக்கு நெஞ்சும் காட்டி. துப்பாக்கி முனை உங்கள் சட்டைப் பொத்தானில் இடித்தது.

"ஐசே, அது என்ட கண்ணாடிக் கூடு. கடையில விட்டிட்டு வந்திட்டன்."

கையை இறக்கினேன். நீங்கள் திரும்பி, கூட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அவருக்கு நன்றி சொன்னீர்கள். அவர் என் கையையே பார்த்தபடி தலை குனிந்தார். வேனில் ஏறியதும் சிரித்தீர்கள்.

"எனக்கென்ன பயம்? காலி எண்டு தெரியும் தானே. அதுதான் முன்னால வந்தனான்."

என் ஆள்காட்டி விரல் விசையின் மேல்தான் இருந்தது. கொஞ்சம் அழுத்தியும் இருந்தது.

கார் பார்க்கில் பார்த்த யாரோ கம்பெனிக்குச் சொல்லிவிட, மாலையில் விசாரணை வந்தது. வேலை போயிருக்கும், லைசென்ஸ் போயிருக்கும். நீங்கள் எனக்காக எழுதிக் கொடுத்தீர்கள்: காலையில் நானே பார்த்தேன், சேம்பர் காலியாக இருந்தது, ஆபத்து எதுவும் இல்லை. நீங்கள் அடுத்த அறையில் அதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், நான், குண்டை இறக்கும்போது துப்பாக்கி முனையை நீட்டிப் பிடிக்கும் மணல் தொட்டி முன்னால் தனியாக நின்று அந்தக் குண்டை வெளியே எடுத்து மற்றவற்றோடு சேர்த்து வைத்தேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. மறுநாளிலிருந்து, வேலையை விடும்வரை, நான் ஏற்றவே இல்லை. அதைச் சொல்லிப் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

பதினான்கு வருடம் அந்தக் கதையைச் சொன்னீர்கள். என் மகளின் முதல் பிறந்தநாளில், உங்கள் புது வீட்டுக் குடிபூரலில், யார் யார் கல்யாணத்திலோ. "இவர் மட்டும் அண்டைக்கு லோட் பண்ணியிருந்தா நான் இஞ்ச இல்லை," என்று என் தோளில் தட்டுவீர்கள். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நானும் ஒரு சிரிப்பு வைத்திருந்தேன், அதற்கென்றே. ஆஸ்பத்திரியில் கடைசி மாதம் ஒருநாள், சொல்லியே தீருவது என்று வந்தேன். "அன்னிக்கு லிட்கம்ல..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், ஊசி போட வந்த நர்ஸைப் பிடித்து ஆங்கிலத்தில் முழுக் கதையையும் நீங்களே சொல்லி முடித்தீர்கள். மூச்சு வாங்கியது, ஆனால் ஒரு வரி விடவில்லை. அவள் எனக்குக் கை கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.

மலருக்கான பக்கத்தை இன்று மத்தியானம் நீங்கள் சொல்கிற மாதிரியே எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. அதை அக்காவுக்கு அனுப்பாமல் காரை எடுத்துக்கொண்டு டூங்கபிக்குப் போனேன். அக்கா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "அக்கா, அன்னிக்கு அது காலி இல்லை. நான்தான் ஏத்தி வெச்சிருந்தேன்," என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தார். வெளியே பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அவருக்குச் சொன்னனீங்களா?"

"இல்லக்கா. என்னோட பேசாமப் போயிடுவாரோன்னு பயம்."

"கதைக்காமல்தான் இருந்திருப்பார்," என்றார் அக்கா. "ஒரு கிழமை. மிஞ்சினா ரெண்டு கிழமை. பிறகு தானே போன் எடுத்து, ஐசே எண்டிருப்பார்."

பிறகு அவர் வெங்காயத்தை எடுத்துக்கொண்டார். உண்மையை எழுதட்டுமா என்று கேட்டேன், எழுதச் சொன்னார். எழுதிவிடுவேன், அது கடினமில்லை. நீங்கள் என்னோடு பேசாமல் இருந்திருக்கும் அந்த இரண்டு வாரம்தான் எனக்கு வர வேண்டிய பாக்கி, கொடுக்க நீங்கள் இல்லாமல்.