எங்க கரடியைக் காணோம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய், வேளைக்குச் சாப்பிடுவாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், என் மானம் ஒன்றுக்குத்தான் கொஞ்சம் உடம்பு சரியில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். மிருகக்காட்சிசாலையில் ஓர் ஆள் ஐஸ்கிரீம் வண்டியின் மேல் ஏறி நின்று, சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அலறுகிற வீடியோ உன் கைபேசிக்கு வந்திருந்தால், யாரோ என்று நினைத்து நீயும் சிரித்திருந்தால், சிரித்தவரை லாபம். அது நான்தான். ஏன் ஏறினீர்கள் என்று நீ கேட்பாய், அம்மாவும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதைத்தான் கேட்கிறாள், எனக்கே இன்னும் முழுதாக விளங்கவில்லை, எழுத எழுத விளங்குமோ என்றுதான் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் பக்கத்துக் கடைத் தையல்காரரும் கரடி மாமாவும் அங்கே போனோம். கரடி மாமாவுக்கு அந்தப் பெயர் வந்த கதை உனக்குத் தெரியும், வாயைத் திறந்தால் கரடி விடுவார், இப்போது பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருந்துவிடுவார். போன மாதம் சர்க்கரை இறங்கிப் பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழுந்தார் பாவம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் மனைவி வாசற்படி தாண்ட விடவில்லை. நான்தான் போய், "வெளிக்காத்து பட்டா நல்லதும்மா, என் பொறுப்பு" என்று வாயைக் கொடுத்தேன். "உங்களை நம்பித்தான் அனுப்புறேண்ணே, சாப்பாடு தள்ளிப்போச்சுன்னா மறுபடி விழுந்துருவாரு, கண்ணை எடுக்காதீங்க" என்று சாப்பாட்டையும் மாத்திரையையும் என் பையில் வைத்தாள். அவர் கையில் கொடுத்தால் முதல் பெஞ்சிலேயே மறந்து வைத்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

இடமோ காடு மாதிரி விரிந்து கிடக்கிறது. ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி விற்கிற நான் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் போல, எந்தப் பாதையில் போனாலும் அதே ஒட்டகச்சிவிங்கி முன்னால் வந்து நின்றோம், அதற்கே எங்களைப் பார்த்து அலுத்துவிட்டது. கரடி மாமா தன் இளவயதில் ஓர் ஒட்டகச்சிவிங்கிக்கு மஃப்ளர் பின்னிப் போட்ட கதையை எடுத்துவிட்டார். "அளவெடுக்க ஏணியை யாருப்பா பிடிச்சா?" என்றார் தையல்காரர். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது, சத்தியமாக அதுவரை நல்ல நாள்தான். குரங்குக் கூண்டுக்கு முன்னால் ஒரு குரங்கு அசப்பில் உன் பெரியப்பா மாதிரியே காதைச் சொரிவதைக் கொஞ்சம் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன், கரடி மாமாவைக் காணோம். போன் போட்டால் மணி என் பைக்குள்ளிருந்து அடிக்கிறது.

சாப்பாட்டு வேளை தாண்டிக்கொண்டிருந்தது. தையல்காரரை ஒரு பக்கம் அனுப்பிவிட்டு நான் ஓடிப்போய் ஒரு மீசைக்காரக் காவலாளியிடம், "கரடியைக் காணோங்க" என்றேன். "எங்க கரடியா?" என்றார். "ஆமாங்க, எங்க கரடிதான்" என்றேன். அவர் சொன்ன எங்க வேறு, நான் சொன்ன எங்க வேறு என்று அப்போது யாருக்குத் தெரியும்? "எப்பப் பாத்தீங்க?" என்றார். "இப்பத்தாங்க, குரங்குக் கூண்டு வரைக்கும் எங்ககூடவே நடந்து வந்தான், இன்னும் சாப்பிடலை, பசி முத்திருச்சுன்னா விபரீதமாயிரும், சீக்கிரம் பிடிங்க" என்றேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. இவ்வளவு இளகின மனசா என்று எனக்கு அவர்மேல் மரியாதையே வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி, கரடி ஒன்று காணவில்லை, எல்லோரும் உடனே வாசலுக்கு வாருங்கள் என்று கத்துகிறது. நானே ஓர் ஆளைத் தொலைத்துவிட்டுத் தவிக்கிறேன், இந்த நேரம் பார்த்து நிஜக் கரடி வேறு தப்ப வேண்டுமா? ஜனம் சிதறி ஓடியது, என் கால் என்னைக் கேட்காமலே ஐஸ்கிரீம் வண்டி மேல் ஏறிவிட்டது. வீடியோ அதோடு முடிகிறது, நான் இறங்கியதை எவனும் எடுக்கவில்லை. மேலே நின்றபோதுதான் உறைத்தது, கரடி மாமா எங்கேயோ மயங்கிக் கிடந்தால்? அந்தப் பிராணி அந்தப் பக்கமாகப் போனால்? அவர் மனைவியிடம் எந்த முகத்தோடு போய் நிற்பேன்? இறங்கி, "கரடி! கரடி!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். புதருக்குப் பின்னால் ஒளிந்திருந்தவர்களும் எழுந்து ஓட்டம் பிடித்தார்கள். நீ சிரிப்பாய், எனக்கு அப்போது கண்ணில் தண்ணீர்.

தையல்காரர்தான் என் சட்டையைப் பிடித்து அலுவலகத்துக்கு இழுத்துப் போனார். அங்கே மின்விசிறிக்குக் கீழே கரடி மாமா பிஸ்கட்டும் டீயுமாக உட்கார்ந்திருக்கிறார். "மைக்குல சொன்னதுமே என்னைத்தான் தேடுறீங்கன்னு தெரிஞ்சுபோச்சு, நேரா வந்து, நான்தான் கரடி, வந்துட்டேன்னு சொன்னேன்" என்றார். அதிகாரி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். நான் சாப்பாட்டை எடுத்து வைத்து, மாத்திரையை இரண்டு தடவை கீழே போட்டு எடுத்து நீட்டினேன். "உனக்குத்தான்டா சர்க்கரை இறங்கிருச்சு, முதல்ல நீ சாப்பிடு" என்று தன் சாப்பாட்டிலேயே பாதியை என் பக்கம் தள்ளினார்.

இப்போது என் குழப்பமே வேறு. வீட்டுக்குப் போனதும் கரடி மாமா நடந்ததை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மனைவியிடம் சொல்லியிருக்கிறார், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக. "அண்ணன் கூட இருக்கும்போது அப்படியெல்லாம் நடக்குமா? கரடி விடாதீங்க" என்று சொல்லிவிட்டாளாம். அடுத்த வாரமும் என்னோடு எங்கேயாவது போய்வரச் சொல்கிறாள். அவள் அப்படி நம்புவதால் அந்தத் தெருப் பக்கமே நான் போகவில்லை. போய் உண்மையைச் சொல்வதா, சொன்னால் மனுஷனை மறுபடி வீட்டுக்குள் பூட்டிவிடுவாளா, ஒன்றும் புரியவில்லை. வீடியோ அவள் கண்ணில் படுவதற்குள் யோசித்து எழுது.

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. குளிர்காலக் கோட்டைப் பெட்டியிலேயே வைத்து அழகு பார்க்காதே, போட்டுக்கொள். எந்தக் குறையும் இல்லாமல் நிறைவாக இரு தாயே.

என்றும் உன்மேல் உயிராக இருக்கும்,
அப்பா

பி.கு.: தையல்காரர் தன் அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இன்று மறுபடி அங்கே போய்வந்தார். அந்த மீசைக்காரருக்கு அன்றுதான் வேலையில் முதல் நாளாம், அந்த மிருகக்காட்சிசாலையில் கரடியே கிடையாதாம்.