உங்களை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், அக்கா

அக்கா, இன்று காலை உங்களுக்கு ஒரு போன் வந்தது. பாபகூரா ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். துணிக்கடை ஒன்றிலிருந்து ஒரு பெண் உங்கள் பெயரைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி, புதன்கிழமை நேர்முகத்துக்கு வர முடியுமா என்று கேட்டாள். போனில் இங்கிலீஷ் கதைக்கப் பயந்து, எல்லா விண்ணப்பத்திலும் என் நம்பரைப் போடச் சொன்னது நீங்கள்தானே. அவர் இறந்துவிட்டார் என்றேன். பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

அங்கேயே பிளாட்பாரத்து வாங்கு ஒன்றில் உட்கார்ந்துவிட்டேன். உங்களை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கும் இடத்தில் நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். ஈர விரிப்பு மூட்டையை இழுத்தபோது உங்கள் வலது தோளில் தசைநார் அறுந்தது. சத்திரசிகிச்சை செய்தும் அந்தக் கை காதுக்கு மேலே எழவில்லை. காயப்பட்டவர்களுக்கு வாராவாரம் வரும் இழப்பீட்டில்தான் வீடு ஓடியது. வேறு வேலை ஏதும் உங்களால் செய்ய முடியுமா என்று பார்க்க, இழப்பீட்டு அலுவலகத்தார் நகர மையத்தில் ஒரு டொக்டரிடம் போகச் சொன்னார்கள்.

அன்று உங்களைக் கூட்டிப்போக ரானுயியில் உங்கள் வீட்டுக்கு வந்த நான் வாசலிலேயே திகைத்து நின்றேன். பச்சைப் பட்டுச் சேலை, முகத்தில் பவுடர், காதில் கல்லுத்தோடு. கை தூக்க முடியாத உங்களுக்கு மகள் பாடுபட்டு உடுத்திவிட்டிருந்தாள்.

“என்னக்கா இது? நோகுது எண்டு சொல்லப் போறியளோ, கலியாண வீட்டுக்குப் போறியளோ?”

“பெரிய டொக்டர் எல்லே. பரதேசி மாதிரிப் போய் நிக்கேலுமே?”

டொக்டர் நல்ல மனிதர்தான். வலி எப்படி என்று பரிவாகத்தான் கேட்டார். நீங்கள் பரவாயில்லை என்றீர்கள். தூக்கம் வருகிறதா என்றார். அதுவும் பரவாயில்லை. மேசைக்கு அடியில் உங்கள் காலை மிதித்தேன். “ஏனடி உழக்கிறாய்?” என்று என்னிடம் கேட்டுவிட்டு அவரைப் பார்த்து அழகாகச் சிரித்தீர்கள். வெளியே வந்து லிஃப்டின் கதவு மூடியதும் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். இதை உள்ளே காட்டியிருக்கலாமே என்று எரிந்து விழுந்தேன்.

“முன்பின் தெரியாத மனிசருக்கு முன்னால அழுது காட்டுறதே?”

முடிவை இழப்பீட்டு அதிகாரி ஒருத்தி என் போனில் சொன்னாள். கடையில் துணி விற்கலாம், வரவேற்பு மேசையில் இருக்கலாம், ஆகவே இழப்பீடு நிற்கும். அந்த வேலை எங்கே இருக்கிறது என்று கேட்கச் சொன்னீர்கள். கேட்டேன். வேலை இருக்க வேண்டும் என்றில்லை, செய்யக்கூடியவராக இருந்தால் போதும் என்றாள் அந்த அதிகாரி. நான் தமிழில் சொன்னபோது நீங்கள் நம்பவில்லை. “வடிவாக் கேள் பிள்ளை” என்றீர்கள். திரும்பக் கேட்டேன். அதே பதில்தான். எனக்கு அது இன்றைக்கும் செமிக்கவில்லை.

அதன்பிறகு அரசாங்க உதவிப்பணம். அதற்கு வேலை தேடுவதாகக் காட்ட வேண்டும். துணி அடுக்கும் மேல்தட்டுக்குக் கை எட்டாத உங்களுக்காக, கடை கடையாக விண்ணப்பம் போட்டோம். ஒருவரும் கூப்பிடவில்லை. ஒரு காலை, தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே விழுந்தீர்கள். மாரடைப்பு என்றார்கள்.

அடக்கத்துக்கு முன் உங்களை உடுத்திவிட மகளும் நானும்தான் போனோம். அதே பச்சைச் சேலை. உடுப்பு மாற்ற நான் உதவும்போதெல்லாம், “நோகிற கையை முதல் விடு, மற்றது தானா வரும்” என்பீர்கள். சட்டைக்குள் வலது கையை முதலில் விட்டு மெள்ள மெள்ள ஏற்றினேன். தோளுக்குக் கிட்டப் போனதும் நிறுத்தி, உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மகள் என் முதுகைத் தடவினாள்.

“இட்ஸ் ஓகே, ஆன்ட்டி. நோகாது.”

அவள் தமிழில் சொன்ன அந்த ஒரு சொல்லை என்னால் தாங்க முடியவில்லை, அக்கா.

வாங்கில் இருக்க இருக்க அடுத்த ரயிலும் வந்து போய்விட்டது. குளிர் ஏறவும், மடியில் கிடந்த கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போட்டேன். எனக்கு எந்தக் கையும் நோகவில்லை. வலது கையைத்தான் முதலில் விட்டேன், மெதுவாக.